ஊர் சின்னது என்பது ஒரு சாக்கு

ஒவ்வொரு ஜூலை மாதமும் அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் ஒரே பேச்சுதான். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடு வேண்டுமானாலும் சேரலாம் என்று நிற்கும் ஆட்டக்காரர்களை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்கிறார்கள். அவர்களில் முதல் வரிசைக்காரர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நியூயார்க்குக்கும் மயாமிக்கும்தான் போவார்களாம். ஒக்லஹோமா சிட்டி, சான் அன்டோனியோ, மில்வாக்கி, இன்டியானாபோலிஸ் மாதிரி ஊர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். வர்ணனையாளர்கள் இதைச் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, அந்தச் சிறு ஊர்களின் ரசிகர்களும் விதியே என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நல்ல ஆட்டக்காரன் வளர்ந்தால், ‘இன்னும் எத்தனை வருஷம் இங்கே இருப்பானோ’ என்ற கவலையோடுதான் கைதட்டுகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். சோம்பலான நிர்வாகங்களையும் கஞ்சத்தனமான முதலாளிகளையும் கேள்வியிலிருந்து காப்பாற்றும் தவறு இது. அதனால்தான் இதை விடாமல் மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்தின் முதன்மை லீக்கான என்.பி.ஏ.வில் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 1999 முதல் தனி ஆட்டக்காரரின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அனுபவத்தைப் பொறுத்து அணியின் வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தத்தைத் தொடங்க முடியாது. ஆகவே சிறு ஊர் அணி நினைத்தாலும் பெரிய ஊர் அணியைவிட அதிகம் கொடுத்து ஒருவரை இழுக்க முடியாது. பணம் எங்கும் ஒன்றுதான் என்றால் ஆட்டக்காரர் கடற்கரையையும் விளம்பர வருமானத்தையும் பார்த்துத்தானே போவார்? ஷக்கீல் ஓ’நீல் போனார், லெப்ரான் ஜேம்ஸ் போனார், கெவின் டூரன்ட் போனார், ஆன்டனி டேவிஸ் போனார், கவாய் லெனர்ட் போனார். இதுதான் அவர்களுடைய வழக்கு. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரிகிறது.

ஷக்கிலிருந்தே தொடங்கலாம், இந்த நம்பிக்கையின் மூலக்கதையே அவர்தான். ஒர்லாண்டோ மேஜிக் அணியை 1995-இல் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர், 1996 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். ஹாலிவுட் ஆசை, திரைப்பட ஆசை, பாட்டு ஆசை என்று இன்றுவரை காரணம் சொல்கிறார்கள். ஆசைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தனிநபர் உச்சவரம்பு கிடையாது. தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள ஒர்லாண்டோ எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். லேக்கர்ஸால் அப்படிக் கொடுக்க முடியாது. விளாடி டிவாட்ஸை சார்லட்டுக்கு அனுப்பி, சம்பள வரம்பில் இருக்கிற இடத்தை எல்லாம் ஒழித்துக் கூட்டித்தான் லேக்கர்ஸ் ஏழு வருடத்துக்கு 12 கோடி டாலர் திரட்டியது. சட்டப்படி கை மேலோங்கி இருந்த ஒர்லாண்டோவோ முதலில் நீட்டிய தொகை அதன் பக்கத்திலேயே வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை வேறு, ‘ஏழு வருடத்துக்கு இவருக்கு 11.5 கோடி டாலர் தகுமா’ என்று வாசகர்களிடம் கேட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தகாது என்றார்கள். அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த இளம் சென்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் படிக்கும் ஊரில்தான் இருந்தார். அவர் போனதற்கு லாஸ் ஏஞ்சலஸின் வெயில்தான் காரணம் என்பதை நான் எப்படி ஏற்பது?

நான்கே வருடம் கழித்து, 2000-இல், அதே ஒர்லாண்டோவுக்கு யார் வந்தார்கள் என்பதை இந்தக் கதை சொல்பவர்கள் சொல்வதே இல்லை. கிராண்ட் ஹில் வந்தார், டிரேசி மெக்ரேடி வந்தார். டிம் டங்கன் மயிரிழையில்தான் தவறினார். அவர் தவறியதும் எங்கே? சான் அன்டோனியோவிலேயே தங்கிவிட்டார். அதாவது அந்தக் கோடையின் மிகப் பெரிய பேரம் இரண்டு சிறு ஊர்களுக்கு இடையில் நடந்தது. அதே கோடையில் சிகாகோ கஜானாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. மைக்கேல் ஜோர்டன் ஆறு கோப்பை வென்று கொடுத்த அணி, அமெரிக்காவின் மூன்றாவது பெரிய ஊர். டங்கனையும் ஹில்லையும் மெக்ரேடியையும் துரத்திய சிகாகோவுக்கு வந்து சேர்ந்தவர்கள் ரான் மெர்சரும் பிராட் மில்லரும். அடுத்த பருவத்தில் 82 ஆட்டத்தில் 15 வெற்றி. ஜோர்டன் காலத்து அணியைக் கலைத்த நிர்வாகத்தை நம்ப யாரும் தயாராக இல்லை; ஊரின் அளவு அந்த அவநம்பிக்கையை ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. ஹில்லின் கணுக்கால் கெடாமல் இருந்திருந்தால் ஒர்லாண்டோவின் கதை இன்று வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

ஊர்தான் எல்லாம் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு அணிகள் உண்டு. கிளிப்பர்ஸ் 1984-இல் சான் டியேகோவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. அதே கடற்கரை, அதே திரைப்பட உலகம், அதே விளம்பர நிறுவனங்கள். 1999-இலிருந்து 2024 வரை அரங்கம்கூட லேக்கர்ஸ் ஆடிய அதே அரங்கம். முதல் 27 பருவங்களில் அந்த அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றை எட்டியது நான்கே முறை. 2008-இல் எல்டன் பிராண்ட் அங்கிருந்து கிளம்பி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். டோனால்ட் ஸ்டெர்லிங் முதலாளியாக இருந்தவரை அந்த அணியின் பெயர் அப்படி இருந்தது. 2014-இல் அவருக்கு ஆயுள் தடை விழுந்து, அணி ஸ்டீவ் பால்மர் கைக்கு மாறி, ஐந்து வருடத்துக்குள் கவாய் லெனர்ட் லேக்கர்ஸை ஒதுக்கிவிட்டு கிளிப்பர்ஸுக்கு வந்தார். இதற்கிடையில் ஊர் மாறவில்லை. முதலாளி மாறினார்.

நியூயார்க்கும் அப்படித்தான். நிக்ஸ் அணி 2019 ஜனவரியில் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை விற்று இரண்டு நட்சத்திரங்களுக்கு இடம் ஒதுக்கியது. டூரன்ட்டும் கைரி இர்விங்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புரூக்ளினுக்குப் போனார்கள். நிக்ஸ் அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டம் 17 வெற்றி, 65 தோல்வி. லேக்கர்ஸும் 2015-16-இல் இதே 17-65 கணக்கில்தான் கிடந்தது. அந்தக் கோடையில் டூரன்ட் ஆறு அணிகளைச் சந்தித்தார். சான் அன்டோனியோவுக்கு அந்த வரிசையில் இடம் இருந்தது. லேக்கர்ஸுக்கும் நிக்ஸுக்கும் இல்லை. ஏமாந்த லேக்கர்ஸ் டிமோஃபி மோஸ்காஃபுக்கு 6.4 கோடி டாலரும் லுவோல் டெங்குக்கு 7.2 கோடி டாலரும் எழுதிக் கொடுத்தது.

லமார்கஸ் ஆல்ட்ரிஜ் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 2015 கோடையின் மிகப் பெரிய ஃப்ரீ ஏஜென்ட் அவர். போர்ட்லண்டில் ஒன்பது வருடம் ஆடி, நான்கு முறை ஆல்-ஸ்டாராகத் தேர்வாகி, வயது முப்பதைத் தொடும் நேரம். பேச்சுவார்த்தை தொடங்கிய முதல் இரவே லேக்கர்ஸ் அவரைச் சந்தித்தது. லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்தால் என்ன கிடைக்கும், களத்துக்கு வெளியே எவ்வளவு வளரலாம் என்பதை விலாவாரியாகச் சொன்னார்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது போதவில்லை என்று அவர் அதிருப்தி அடைந்ததாகச் செய்தி வெளியே வந்தது. லேக்கர்ஸ் இரண்டாவது முறை சந்திக்கக் கேட்டு வாங்கி, இந்தத் தடவை கூடைப்பந்து பேசியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. சான் அன்டோனியோவின் ஸ்பர்ஸ் தரப்பிலோ, முந்தைய வருடம்தான் கோப்பை வென்ற அணி இருந்தது. பக்கத்தில் நின்று ஆட டங்கன் இருந்தார். பயிற்சியாளர் கிரெக் போபோவிச் இருந்தார். இடம் ஒழிக்க டியாகோ ஸ்ப்ளிட்டரை அட்லாண்டாவுக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். ஜூலை 4 அன்று ஆல்ட்ரிஜ் சான் அன்டோனியோ என்று அறிவித்தார். நான்கு வருடம், சுமார் 8 கோடி டாலர். டேவிட் வெஸ்ட் அதே கோடையில் இன்டியானாவில் 1.2 கோடி டாலர் ஒப்பந்தத்தை உதறிவிட்டு, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஸ்பர்ஸில் வந்து சேர்ந்தார்.

‘ஆல்ட்ரிஜ் டெக்சஸ்காரர், சொந்த மாநிலத்துக்குத்தானே போனார்’ என்று இதற்குப் பதில் சொல்வார்கள். உண்மைதான், டாலஸ் பக்கத்துக்காரர். ஆனால் சொந்த ஊர்ப் பாசம் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டால் அதை எல்லோருக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். தென் கலிஃபோர்னியாவில் பிறந்த லெனர்ட் அங்கே திரும்பினால் அது பெரிய ஊரின் கவர்ச்சி. ஆக்ரனில் பிறந்த லெப்ரான் 2014-இல் மயாமியை விட்டுவிட்டு கிளீவ்லண்டுக்குத் திரும்பினால் அது மட்டும் விதிவிலக்கா? உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர், ஃப்ரீ ஏஜென்ட்டாக, கடற்கரை ஊரிலிருந்து ஈரி ஏரிக்கரைக்கு வந்து, இரண்டே வருடத்தில் கோப்பையும் வாங்கித் தந்தார். இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிய பிறகு மிஞ்சுகிற விதிக்கு என்ன மதிப்பு?

அதோடு ஆல்ட்ரிஜின் கதை அங்கே முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, தான் சந்தோஷமாக இல்லை, வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று போபோவிச்சிடம் நேராகவே கேட்டார். போபோவிச் உட்கார்ந்து கேட்டார். அவரைத் தேவைக்கு மேல் மாற்றப் பார்த்தது தன் தப்பு என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஆல்ட்ரிஜ் 2017 அக்டோபரில் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். அதே அணியில், அதே பருவத்தில், தொடைக் காயத்துக்குப் பார்த்த மருத்துவத்தில் லெனர்டுக்கு நம்பிக்கை போய், ஒன்பதே ஆட்டம் ஆடி, அடுத்த கோடையில் விலகினார். ஒரே ஊர், ஒரே வருடம். ஒருவர் மனத்தாங்கல் தீர்ந்து தங்கினார், மற்றவர் தீராமல் போனார். சான் அன்டோனியோவின் மக்கள்தொகை இதில் எதை விளக்கும்?

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியத் தொலைக்காட்சி உரிமையாக இப்போது 11 வருடத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர் வருகிறது. அது 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. மெம்ஃபிஸுக்கும் நியூயார்க்குக்கும் ஒரே பங்குதான். ஆட்டக்காரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைக்கும் அணி, வெளி அணியைவிட ஒரு வருடம் கூடுதலாகவும், வருடாந்தர உயர்வு கூடுதலாகவும் தர விதி இடம் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரியின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னஸியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. ஒரு ஆட்டக்காரரின் ஷூ விளம்பரம் இன்று அவர் எந்த ஊரில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்து இருப்பதில்லை. மில்வாக்கியில் இருந்தபடியே யானிஸ் அன்டெட்டோகவும்போ தன் பெயரில் நைக்கி ஷூ வெளியிட்டார். 2020 டிசம்பரில் 22.8 கோடி டாலருக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார். அடுத்த ஜூலையில் இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துக் கோப்பை வென்றார்.

அவர்கள் பட்டியலில் இருந்த டேவிஸ் நியூ ஆர்லியன்ஸில் ஏழு பருவம் இருந்தார். பிளேஆஃப் போனது இரண்டு முறை, ஜெயித்தது ஒரே ஒரு சுற்று. அவர் அதிகம் பொறுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டூரன்ட்டின் விலகல் உண்மையான அடி. 2016-இல் ஒக்லஹோமா சிட்டி நல்ல அணியாகத்தான் இருந்தது. பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று மடக்கி வைத்திருந்து, பிறகு தோற்றது. தோற்கடித்த அணியிலேயே போய்ச் சேர்ந்தார் டூரன்ட். அது அந்த ரசிகர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் போனது அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் ஜெயித்த அணிக்கு. அதே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில், அதே அணி, 1995-இலிருந்து 2012 வரை பிளேஆஃப் கண்டது ஒரே ஒரு முறை. அப்போதும் அந்தப் பாலமும் பருவநிலையும் அங்கேதான் இருந்தன. அன்று கதவைத் தட்ட ஒரு நட்சத்திரம் வரவில்லை.

அதைவிட, டூரன்ட் போவதற்கு நான்கு வருடம் முன்பே ஒக்லஹோமா சிட்டியில் நடந்ததைப் பேச வேண்டும். 2012 ஜூனில் டூரன்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் அந்த அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஹார்டனுக்கு வயது 23. உச்சத் தொகைக்கும் நிர்வாகம் நீட்டிய தொகைக்கும் இருந்த இடைவெளி சொற்பம். வரம்பு மீறினால் கட்ட வேண்டிய சொகுசு வரிதான் பயம். பருவம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ஹூஸ்டனுக்கு விற்றுவிட்டார்கள். பின்னாளில் டூரன்ட் 2014-இலும், வெஸ்ட்புரூக் 2017-இலும், ஹார்டன் 2018-இலும் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்கள். ஒரே அணியில் இருந்த மூன்று பேர்! ஹார்டன் போகிறேன் என்று சொல்லவில்லை, அவரை அனுப்பினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான் இது. பர்ஸைத் திறக்க மனமில்லாத முதலாளி, ஊர் சின்னது என்கிறார்.

இந்தப் பல்லவியால் முதலாளிகளுக்கு லாபம் இருக்கிறது. சிறு ஊர் என்ற பரிதாபத்தைக் காட்டித்தான் பொதுப்பணம் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் ஒக்லஹோமா சிட்டி மக்கள், குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புது அரங்கம் கட்ட விற்பனை வரியிலிருந்து பணம் தர வாக்களித்தார்கள். அணியின் முதலாளிகள் போட்ட பங்கு 5 கோடி டாலர். கடைக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கும் ஒவ்வொருவரும் இந்த அணிக்குக் காசு கொடுக்கிறார்கள். அவ்வளவு கொடுக்கிற ஊரைப் பார்த்து, ‘உங்கள் ஊருக்கு யாரும் வர மாட்டார்கள்’ என்று சொல்வது எனக்குச் சகிக்கவில்லை.

வரமாட்டார்கள் என்பதும் பொய். பால் ஜார்ஜ் 2017-இல் இன்டியானாவிலிருந்து ஒக்லஹோமா சிட்டிக்கு மாற்றப்பட்டபோது, ஒரு வருடத்தில் லேக்கர்ஸுக்குப் போய்விடுவார் என்பது ஊரறிந்த செய்தி. பிறந்து வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் உள்ள பாம்டேல். லேக்கர்ஸ்தான் தன் விருப்பம் என்று அவர் தரப்பே சொல்லியிருந்தது. 2018 ஜூலை வந்தது. லேக்கர்ஸை அவர் சந்திக்கக்கூட இல்லை. வெஸ்ட்புரூக் நடத்திய விருந்தில் மைக்கைப் பிடித்துத் தங்குகிறேன் என்று அறிவித்து, நான்கு வருடத்துக்கு 13.7 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

‘அடுத்த வருடமே போய்விட்டாரே’ என்பார்கள். போனார். கிளிப்பர்ஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். 2018-இல் அவர் சும்மா விலகியிருந்தால் அந்த அணிக்கு ஒரு செப்புக்காசு கிடைத்திருக்காது. தங்கியதால், 2019-இல் அவருக்கு ஈடாக ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும், டானிலோ காலினாரியும், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும் கிடைத்தன. அப்படி வந்த ஒரு உரிமையில்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவர் அவர். அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஷாய். கோப்பை ஒக்லஹோமா சிட்டிக்கு வந்தது.

அந்தக் கோப்பை அணியில் ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனும் இருந்தார். 2024 கோடையில் ஃப்ரீ ஏஜென்ட்டாக நியூயார்க்கை விட்டு ஒக்லஹோமா சிட்டிக்கு வந்தவர். மூன்று வருடத்துக்கு 8.7 கோடி டாலர். விதிப்படி நிக்ஸால் நான்கு வருடத்துக்குச் சுமார் 7.25 கோடிக்கு மேல் தர முடியாது. ‘பணத்துக்குப் போனார்’ என்றார்கள். ஆமாம், பணத்துக்குத்தான் போனார், ஜெயிக்கிற அணிக்கும் போனார். நான் சொல்வதும் அதுதானே? முதல் வரிசை நட்சத்திரம் அல்லவே என்பதையும் ஏற்கிறேன். முதல் வரிசைக்காரர்கள் இப்போது பெரும்பாலும் சந்தைக்கே வருவதில்லை என்பதுதான் காரணம். 2023 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, இருக்கிற இடத்திலேயே நல்ல உயர்வோடு நீட்டித்துக்கொள்ள வழி இன்னும் அகலமாகிவிட்டது. ஆகவே நட்சத்திரத்தின் மனதை அறிய, எங்கே நீட்டிக்கிறார் என்று பார்க்க வேண்டும். நியூயார்க் பக்கத்தில் பிறந்து வளர்ந்த டானவன் மிட்சல் கிளீவ்லண்டை விட்டு ஓடிவிடுவார் என்று இரண்டு வருடம் எழுதினார்கள். 2024-இல் 15 கோடி டாலருக்கு அங்கேயே நீட்டித்தார். டியாரன் ஃபாக்ஸ் சாக்ரமென்டோவை விட்டுக் கிளம்ப முடிவெடுத்தபோது போக விரும்பிய இடம் சான் அன்டோனியோ. 2025-இல் அங்கேயே நீண்ட ஒப்பந்தமும் போட்டார்.

2025 ஜூனில் இறுதிச் சுற்றில் ஒக்லஹோமா சிட்டியும் இன்டியானாவும் மோதின. நிக்ஸைத் தோற்கடித்துவிட்டுத்தான் இன்டியானா அங்கே வந்தது. ஏழாவது ஆட்டம்வரை போராடி, டைரீஸ் ஹாலிபர்ட்டனின் குதிகால் நாண் அறுந்து, தோற்றது. அடுத்த சில நாள்களில், பத்து வருடமாக அந்த அணியின் சென்டராக இருந்த மைல்ஸ் டர்னர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிக் கிளம்பிவிட்டார். சிறு ஊரை விட்டு நட்சத்திரம் ஓடியது என்று எழுத எல்லோரும் தயாராக இருந்திருப்பார்கள். அவர் போன ஊர் மில்வாக்கி. அவருக்கு 10 கோடி டாலருக்கு மேல் தருவதற்காக மில்வாக்கி, காயம்பட்டிருந்த டேமியன் லில்லர்டை விடுவித்து, அவருக்குத் தர வேண்டிய 11 கோடி டாலருக்கு மேலான பாக்கியை ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கு சரியா தப்பா என்று இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். இன்டியானா தரப்போ, பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார் என்றது. பேச்சில் என்ன தொகை வைத்தார்கள், எத்தனை நாள் இழுத்தார்கள், ஏன் முறிந்தது என்று இன்டியானாபோலிஸ் ரசிகர்கள் தங்கள் நிர்வாகத்திடம் கேட்கட்டும்.